மின்சாரமும் வலியும்



கல்லில் கால் இடித்துக்கொண்டால், உடனே குனிந்து அவ்விடத்தைக் கையால் தேய்க்கிறோம். தேய்த்தால் வலி சற்றுத் தணிகிறது. மின்சாரத்தால் வலியைத் தணிக்கும் சிகிச்சையின் உட்பொருளும் ஏறக்குறைய இதுவே என்று நான் கூறினால் நீங்கள் வியப்படையக்கூடும்.

இம்முயற்சி மிகப் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமாபுரி மருத்துவர், தீராத தலைவலிக்கு, மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை உயிருடன் வலியுள்ள இடத்தில் வைக்கும்படி எழுதினார். அதற்குக் காரணம் கூற அன்று எவராலும் இயலவில்லை. 1965-ஆம் ஆண்டில் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் ஒரு விளக்கம் தந்தனர். தண்டுவடத்தில் ஒரு வாயில் இருப்பதாகக் கொள்ளுங்கள். தொடுவுணர்ச்சியைச் சுமக்கும் பருமனான நரம்பிழைகள் தூண்டப்பட்டால் அவ்வாயில் ஓரளவு சாத்தப்படுகிறது. வலிச் செய்தி மூளைக்குச் செல்வது குறைகிறது. இக்கொள்கை பின்னர்ப் பல திருத்தங்களைப் பெற்றது. ஆயினும், தோலின்மேல் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தும் 'டென்ஸ்' என்ற சிறு கருவி அதன் வழிவந்ததே. அது தரும் ஆறுதல் பெரும்பாலும் கருவி இயங்கும் வரையிலும், அதன்பின் சிறிது நேரமுமே நிற்கும். எல்லோருக்கும் ஒரே அளவில் பயன்படுவதும் இல்லை.

தசைகளுக்குச் செலுத்தும் மின்துடிப்பின் நோக்கம் வேறு. முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்குத் தொடைத் தசை மெலிந்துவிடும். 'இறுக்கு' என்று மனம் ஆணையிட்டாலும் அது முழுவதும் பணிவதில்லை. அப்போது மின்துடிப்பு நரம்பைத் தூண்டித் தசையைச் சுருங்கச் செய்கிறது. பக்கவாதத்தால் நடக்கையில் பாதம் தொங்கிப்போனவர்களுக்காக, 1961-இல் லிபர்சன் என்ற மருத்துவரும் அவர்தம் தோழர்களும் ஒரு கருவியைப் பற்றி எழுதினர். குதிகால் தரையைவிட்டு எழும்பும் கணத்தில் மின்துடிப்பு பாய்ந்து, பாதத்தைத் தூக்கிக் கொடுக்கும்.

இவ்விடத்தில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று உண்டு. மின்சாரம் ஊன்றுகோல் போன்றது. நடக்க வேண்டியவர் நோயாளியே. தசை சுருங்கும்போது அவரும் முயன்று அதை இறுக்க வேண்டும். பயிற்சியை நாள்தோறும் தொடர வேண்டும். படுத்த படுக்கையில் கருவியை மட்டும் நம்பியிருப்பவருக்கு முழுப் பயன் கிட்டாது.

எச்சரிக்கையும் தேவை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்களும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேளாமல் இக்கருவியைத் தொடலாகாது. கழுத்தின் முன்புறத்திலும், புண்பட்ட தோலிலும், உணர்ச்சியற்ற இடத்திலும் பட்டைகளை ஒட்டலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, வலி என்பது உடல் நமக்கு அனுப்பும் தூதன். மார்பில் வலி எழும்போது அத்தூதன் என்ன சொல்ல வந்தான் என்று அறியாமல் வாயை அடைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும். காரணத்தை மருத்துவர் ஆராய்ந்து சொல்லட்டும். கருவி அதன்பின் வரட்டும். அந்த வரிசை மாறாதிருக்கும் வரையில் மின்சாரம் நமக்கு நல்ல ஊழியனாகவே இருக்கும்.