விட்டுவிட்ட பாடம்

நான் பிறந்த ஊர் அருமனை. குமரி மாவட்டத்தில், மேட்டு நிலங்களில் ரப்பர் மரங்கள் நிரைநிரையாக நிற்கும் ஊர். ரப்பர்க் கன்றை நட்டவன் ஆறேழு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். அடிமரம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் சுற்றளவு பெற்ற பின்னரே பட்டையில் கத்தி படலாம். பொறுமையின்றி இளமரத்தில் பால் வெட்டினால், சிரட்டையில் சிறிது பால் விழும். மரத்தின் வளர்ச்சியோ குன்றிவிடும். எங்கள் ஊர்ச் சிறுவர்களும் அறிந்த இவ்வுண்மையைக் கல்வித்துறையில் நாம் மறந்திருந்த காலம் ஒன்று உண்டு.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன் கல்லூரியில் ஓராண்டு நடைபெற்ற புகுமுக வகுப்பிற்கு மாற்றாகப் பள்ளியிலேயே ஈராண்டுப் படிப்பு அமைந்தது. பொதுத் தேர்வு இரண்டாம் ஆண்டின் முடிவில் மட்டுமே. உயர்கல்வியின் வாயிலைப் பெரிதும் திறந்தது அந்த மதிப்பெண்தான். எனவே தனியார் பள்ளிகள் பல ஒரு குறுக்கு வழியைக் கண்டன. பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, இரண்டு ஆண்டுகளும் அதனையே திரும்பத் திரும்பப் படிக்க வைத்தன. பதினோராம் வகுப்பு நூல்கள் மடிப்புக் கலையாமல் கிடந்தன.

அத்தகைய பள்ளி ஒன்றில் நானும் கணித ஆசிரியனாக இருந்தேன். நிருவாகத்தின் விருப்பம் அது, நான் மறுத்துரைக்கவில்லை. தேர்வு முடிவுகள் வந்தபோது பாராட்டையும் ஏற்றுக்கொண்டேன். மிகுந்த மதிப்பெண் பெற்றுப் பொறியியல் கல்லூரி சென்ற ஒரு மாணவன், அடுத்த ஆண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். முதற்பருவக் கணிதத்தில் அவன் தேறவில்லை. “வகைக்கெழுவின் வாய்பாடுகள் எல்லாம் மனப்பாடம், சார். ஆனால் அது எப்படி வருகிறது என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லையே” என்றான். அந்தப் பாடம் பதினோராம் வகுப்பு நூலில் இருந்தது. கற்பிக்காதவன் நான். அவன் என்னைக் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்துன்பமாயிற்று. அன்று மாலையே பழைய நூலைத் தேடி எடுத்தேன். இருவரும் முதற்பக்கத்திலிருந்து தொடங்கினோம்.

இக்குறையைக் களைய 2017-இல் அரசு பதினோராம் வகுப்பிற்கும் பொதுத் தேர்வை அறிவித்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. ‘நீட்’ போன்ற நுழைவுத் தேர்வுகள் இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வினவுவதால், அம்மாற்றம் தேவையாகவே இருந்தது. ஆயினும் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத் தேர்வு என்பது மாணவர்க்குச் சுமையாயிற்று. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்போது, பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வு நீக்கப்பட்டது.

இங்கே அமெரிக்க நாட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர் கல்லூரித் தரத்துப் பாடங்களைப் படிக்கும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்’ என்னும் திட்டம் உண்டு. 1950-களின் நடுவில் தொடங்கிய அதற்கு, ஆண்டுதோறும் மே மாதம் பொதுவான தேர்வு நடைபெறும். 2018 ஜூனில் வாஷிங்டன் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த எட்டுத் தனியார் பள்ளிகள், 2022-க்குள் அப்பாடங்களை விட்டுவிடுவதாகக் கூட்டாக அறிவித்தன. தேர்வுக்காகப் பாடத்தை விரைந்து ஓட்டுவதைவிட, தாமே வகுத்த பாடங்களை ஆழ்ந்து கற்பிப்பதே நன்று என்பது அவற்றின் கருத்து. ஏறத்தாழ 150 கல்லூரிகளிடம் கேட்டறிந்த பின்னரே அவை அம்முடிவுக்கு வந்தன.

அங்கும் பாடத்தை விட்டவை தனியார் பள்ளிகள்; இங்கும் அவையே. ஆனால் நோக்கத்தில் எத்துணை வேற்றுமை! ஆழ்ந்து கற்பதற்காக அவர்கள் தேர்வைத் துறந்தனர். தேர்வில் மதிப்பெண் குவிப்பதற்காக நாம் ஓராண்டுக் கல்வியையே துறந்தோம்.

எனினும் அவர்கள் செய்ததை அப்படியே போற்றவும் நான் தயங்குகிறேன். புகழ்பெற்ற பள்ளியின் பெயரே அதன் மாணவனுக்குச் சான்றாக நிற்கும். அருமனை போன்ற சிற்றூரின் மாணவிக்கு அத்தகைய சான்று ஏது? அவளுடைய திறமையை ஊரறியச் சொல்வது பொதுத் தேர்வு ஒன்றுதான். ஆகவே தேர்வு முழுதும் தீயது என்று நான் கூறேன். தேர்வு இல்லாத இடத்தில் கல்வியும் இல்லாமற் போவதே தீது.

இனிப் பதினோராம் வகுப்பிற்குப் பொதுத் தேர்வு என்னும் காவல் இல்லை. பழைய குறுக்கு வழி மீண்டும் திறந்துகொள்ளலாம். அதனை அடைக்க அரசும் பள்ளியும் செய்ய வேண்டியவை உண்டு. உங்களாலும் ஒன்று செய்ய இயலும். உங்கள் வகுப்பில் பதினோராம் வகுப்பு நூல் திறக்கப்படாவிட்டால், பணிவோடு கேளுங்கள்: “இந்தப் பாடத்தை எப்போது நடத்துவீர்கள், ஐயா?” ஒரு மாணவன் அன்று என்னை அவ்வாறு கேட்டிருந்தால், நான் நாணியிருப்பேன், ஆனால் நூலைத் திறந்திருப்பேன்.