பொன் பூச்சும் பாதரசப் புகையும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில் அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். பழைய பிரெஞ்சு வெண்கல அலங்காரப் பொருட்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஏம்ப்பா, நீ மெக்கானிக்கல்தானே?" என்றார். மெக்கானிக்கல்தான். ஆனால் பத்து வருடத்துக்கு மேலாக ப்ளேட்டிங் பிரிவில்தான் குப்பை கொட்டுகிறேன். பேச்சு அங்கேதான் வந்து சேரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இயந்திரத்தைச் சோதித்து வாங்குவதற்காக என்னைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரீஸ் லூவ்ரில் கூட்டமெல்லாம் மோனாலிசா பக்கம் போக, நான் வழி தவறிப் பதினெட்டாம் நூற்றாண்டு மரச்சாமான்கள் இருக்கும் அறைகளுக்குள் போய்விட்டேன். அங்கே ஒரு சீனப் பீங்கான் ஜாடி. இளம்பச்சை நிறம், ஒரு கோடு கூட இல்லாத அமைதியான பாத்திரம். அதற்குக் கீழே தங்க முலாம் பூசிய வெண்கலப் பாதம், இரண்டு பக்கமும் சுருண்டு நெளியும் வெண்கலக் கைப்பிடி, வாய்க்கு ஒரு விளிம்பு. பட்டு வேட்டி கட்டியவருக்கு மேலே கோட்டு மாட்டி விட்ட மாதிரி.

விஷயம் இதுதான். கீழை நாடுகளிலிருந்து கப்பலில் வந்த பீங்கானை பாரீஸ் வியாபாரிகள் அப்படியே விற்கவில்லை. வார்ப்பவர், செதுக்குபவர், முலாம் பூசுபவர் என்று கை மாற்றி, வெண்கலச் சட்டம் போட்டு விற்றார்கள். லாசார் துய்வோ என்ற வியாபாரியின் 1748 முதல் 1758 வரையிலான கணக்குப் புத்தகமே கிடைத்திருக்கிறது. பதினைந்தாம் லூயி மன்னரின் காதலி மதாம் தெ பொம்பதூர் அவருடைய பெரிய வாடிக்கையாளர். இரண்டு கிண்ணங்கள் கிடைத்தால் ஒன்றைக் கவிழ்த்து மூடியாக்கி, நடுவில் துளையிட்ட வெண்கல வளையம் வைத்து, வாசனைப் பூ இதழ் போடும் ஜாடியாக்கி விடுவார்கள். எனக்கு இது அவ்வளவாக ரசிக்கவில்லை. ஆனால் வேலைத்திறனில் குறை சொல்ல முடியாது.

நான் பார்த்தது அந்தத் தங்கத்தை. எங்கள் டேங்கில் ஏறும் தங்கம் மைக்ரான் கணக்கு. இது அப்படி இல்லை. வெண்ணெய் தடவின மாதிரி கனமாக, பள்ளத்தில் மங்கலாகவும் மேட்டில் கண்ணாடியாகவும் நிற்கிறது. மின்சாரம் இல்லாத காலத்தில் எப்படிச் செய்தார்கள்?

பாதரசத்தால். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்தால் களிம்பு மாதிரி ஆகும். அதை வெண்கலத்தின் மேல் தடவி, கரி நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும். தங்கம் மட்டும் ஒட்டி நிற்கும். பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்ற வேண்டியதுதான். பாதரசத்தின் கொதிநிலை 357 டிகிரி செல்சியஸ் என்று நம்ம கெமிஸ்ட்ரி லேப் ரெக்கார்டிலேயே எழுதியிருப்போம். அந்த ஆவி எங்கே போனது என்று ரெக்கார்டில் எழுதவில்லை. நெருப்புக்கு முன் குனிந்து நின்றவரின் நெஞ்சுக்குள் போனது. கை நடுக்கம், பல் விழுதல், பேச்சுக் குளறல். அந்த டிராகன் கைப்பிடியைப் பிடித்துக் காட்டிய கை நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராவ்ரியோ என்று ஒரு வெண்கலப் பட்டறை முதலாளி, நெப்போலியன் காலத்தவர். 1814-ல் இறக்கும்போது உயிலில் 3,000 பிராங்க் ஒதுக்கியிருந்தார். எதற்கு? முலாம் பூசுகிறவர்களைப் பாதரசத்திலிருந்து காப்பாற்ற வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசாக. தன் பட்டறையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். 1818-ல் தார்செ என்ற வேதியியலாளர் அந்தப் பரிசை வாங்கினார். அவர் புது ரசாயனம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அடுப்புக்கு மேலே கூண்டு கட்டி, புகைபோக்கியில் தனியாக ஒரு சின்ன நெருப்பு வைத்தார். அது குழாயைச் சூடாக்கும், சூடான காற்று மேலே ஏறும், வேலைமேடையின் புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான். ஃபேன் இல்லாத காலத்து எக்ஸாஸ்ட்.

அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. காரணம் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறொரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். குரோமியம் டேங்கில் குமிழி வெடிக்கும்போது குரோமிக் அமிலம் மூடுபனி மாதிரி கிளம்பும். அதை இழுக்கும் ஃபேனின் மோட்டார் காயில் கட்டப் போயிருந்தது, பத்து நாள் வரவில்லை. தினசரிச் சோதனைத் தாளில் "ஃபேன் சரி" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். போட்டேன். பத்து நாளும் போட்டேன். உற்பத்தி நிற்கக் கூடாது என்றார்கள். எனக்கும் வேலை முக்கியம். டேங்கில் நின்ற அண்ணன், "மூக்குல அரிக்குது சார், ரத்தம் வருது" என்றார். வெயில் சூடு அண்ணே என்றேன். பிறகு டாக்டர் பார்த்ததில் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை. அது பத்து நாளில் வந்ததல்ல, பல வருடத்து வினை என்று டாக்டர் சொன்னார். ஆனால் அந்தப் பத்து நாள் என் கையெழுத்தில் இருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம். 1840-ல் இங்கிலாந்தில் எல்கிங்டன்காரர்கள் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1842-ல் பாரீஸ் கிரிஸ்டோஃப்ல் நிறுவனம் பிரான்சில் அந்த உரிமையை வாங்கியது. தங்கம் சயனைடு திரவத்தில். ஒரு விஷத்துக்குப் பதில் இன்னொரு விஷம்தான். ஆனால் அது தொட்டிக்குள் கிடந்தது. பாதரச முலாமும் உடனே ஒழிந்துவிடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஜப்பான் வந்து சேர்ந்தது. 1867 பாரீஸ் கண்காட்சியில் ஜப்பானியப் பொருட்களைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது. செர்னுஸ்கி என்ற இத்தாலிய வங்கிக்காரர் 1871 முதல் 1873 வரை ஆசியாவைச் சுற்றி, வெண்கலங்களைக் கப்பல் கப்பலாக வாங்கி வந்தார். 4 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு புத்தர் உட்பட. 1873-லேயே பாரீஸில் காட்சிக்கு வைத்தார். கிரிஸ்டோஃப்ல் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எமில் ரைபேர் அவற்றை உட்கார்ந்து வரைந்தார். யானைத்தலைக் கைப்பிடி, நாரை, மூங்கில், டிராகன் எல்லாம் பிரெஞ்சு ஜாடிகளில் ஏறின. சீனம் எது, ஜப்பான் எது என்ற கவலை அவர்களுக்கு இல்லை, அது வேறு விஷயம்.

ஜப்பானியர் செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்து, மருந்து நீரில் காய்ச்சி, கருநீல நிறம் வரவழைப்பார்கள். வெள்ளிக் கம்பியை உளியால் பதிப்பார்கள். பாரீஸில் அந்தக் கை இல்லை. அப்போது கிரிஸ்டோஃப்லில் இருந்தவர் ஆன்றி புயே, நம்மைப் போல எஞ்சினியரிங் கல்லூரியில் படித்தவர். செம்பின் மேல் கோலத்தை மட்டும் விட்டு மீதியை வார்னிஷால் மூடி, அமிலத்தில் அரித்து, அந்தப் பள்ளத்தில் வெள்ளியையும் தங்கத்தையும் மின்சாரத்தால் நிரப்பி, சமமாகத் தேய்த்து விட்டார்கள். செம்பு நிலத்தை மருந்து போட்டுக் கறுக்க வைத்தார்கள். உளி படாமலே பதிப்பு வேலை! காப்பிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தொழிலில் இதைப் பார்த்தால் விசில் அடிக்கத் தோன்றும்.

பாரீஸ் போகிற மாணவர்கள் செர்னுஸ்கி அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். நிரந்தரக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது. அந்தப் பெரிய புத்தர் அங்கேதான் இருக்கிறார். நான் அவர் எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நினைவெல்லாம் அந்த அண்ணன் மேல்தான்.

ஊர் திரும்பி, இப்போது வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு டேங்கின் உறிஞ்சு வாயிலும் ஒரு முழம் சிவப்பு நாடா கட்டினேன். ஃபேன் இழுத்தால் நாடா உள்பக்கம் படபடக்கும். தொங்கினால் டேங்கை நிறுத்த வேண்டும். யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை. போன மாதம் ஒரு பையன் நிறுத்தினான். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இரண்டு மணி நேர உற்பத்தி போச்சு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். பெல்ட் அறுந்திருந்தது.

அந்த அண்ணனைத் தேடிப் போன வருடம் அவர் ஊருக்குப் போனேன். மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ரொம்ப நேரம் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "டீ குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டார். குடித்தேன்.

செயலாளர் மணியைக் காட்டுகிறார்.