கூட்டாத வீட்டில் குடிபுகலாமா?



தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நாம் புதிய வாடகை வீட்டுக்குச் சென்றதும் முதலில் அதைக் கூட்டிக் கழுவுகிறோம். முன்பு குடியிருந்தவரின் கடிதமோ கணக்குச் சீட்டோ ஏதேனும் ஒரு மூலையில் கிடக்கக் கூடுமன்றோ?

கணிப்பொறியின் நினைவகமும் வாடகை வீடு போன்றதே. ஒரு வேலை முடிந்ததும் அவ்விடம் மற்றொரு வேலைக்குத் தரப்படுகிறது. விரைவு கருதி, பல வேளைகளில் கேட்டாலன்றி அது துடைத்துத் தரப்படுவதில்லை. குடிபுகுவோரே துடைத்துக்கொள்ள வேண்டும்.

இதை மறந்தால் என்ன நேரும்? லினக்ஸ் இயக்க முறைமையில் எக்ஸ்ட்2 என்றொரு கோப்பு முறைமை உண்டு. கோப்புகளை வட்டில் ஒழுங்குபட வைப்பது அதன் தொழில். புதிய கோப்புறை ஒன்றை உண்டாக்கினால், அதற்கென 4096 பைட் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்படுவது வழக்கம். முதலில் அதில் எழுத வேண்டியவை இரண்டே குறிப்புகள்: ஒன்று தன்னைச் சுட்டுவது, மற்றொன்று தாய்க் கோப்புறையைச் சுட்டுவது. இவற்றுக்கு 24 பைட் போதும். எஞ்சிய 4072 பைட் துடைக்கப்படவில்லை. ஆகவே நினைவகத்தில் முன்பு கிடந்தவை அப்படியே வட்டில் பதிந்தன. அவற்றுள் ஒருவரது கடவுச்சொல்லும் இருந்திருக்கலாம். வட்டு கைமாறினால் இரகசியமும் கைமாறும். 2005-ஆம் ஆண்டில் இப்பிழை திருத்தப்பட்டது. தொகுதி முழுவதையும் முதலில் சுழியாக்கும் கட்டளை ஒன்றே போதுமானதாயிற்று.

ஆயினும், எக்ஸ்ட்2-இன் வழிவந்த எக்ஸ்ட்4-இல், வேறோர் இடத்தில், 2019-இல் அதே வகைப் பிழை வெளிப்பட்டது.

இவ்வகைப் பிழை நெடுங்காலம் மறைந்திருப்பது ஏன்? நிரல் சரியாகவே ஓடுகிறது, கோப்புகள் கெடுவதில்லை, பயன்படாத மூலையை எவரும் நோக்குவதில்லை. ஒரு பதிவின் புலங்களை இங்கொன்றும் அங்கொன்றுமாக நிரப்பும் ஒழுங்கற்ற நிரலாயின், ஏதேனும் ஒரு கிளையில் ஒரு புலம் விடுபடுவது மிக எளிது. அதனைக் கண்டுபிடிப்பதோ மிக அரிது.

இதற்குத் துணையாக, 2022-இல் வெளிவந்த லினக்ஸ் 6.1 பதிப்பில் கேஎம்சான் என்னும் கருவி சேர்க்கப்பட்டது. நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டுக்கும் அது ஒரு நிழல் பிட் வைத்து, மதிப்பு இடப்பட்டதா என்று குறித்துக்கொள்கிறது. இடப்படாததைப் பயன்படுத்தினால் எச்சரிக்கிறது. ஆனால் கணிப்பொறியின் வேகத்தை அது மிகவும் குறைப்பதால், சோதனைக் காலத்துக்கே ஏற்றது.

எனவே நிரல் எழுதும் தொழிலில் இருப்போர் கைக்கொள்ள வேண்டிய வழக்கம் எளியது: முழுப் பதிவையும் ஒரே இடத்தில் சுழியாக்குக, பின்னர் நிரப்புக. கூட்டிய பிறகே குடிபுகுதல் வேண்டும்.