வாய்க்குப் பூட்டு, அச்சகத்துக்கு முத்திரை

  

நாம் கூடியிருக்கும் இப்பதுளை நகரிலே 1940 ஆம் ஆண்டில் கூட்டம் கூடுவதே குற்றமாயிற்று. ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியபோது, பதுளை நீதவான் பொதுக்கூட்டங்களுக்குத் தடை விதித்தார். மே 12 அன்று சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா அத்தடையை மீறி இங்கே பேசினார். திரண்டிருந்த மக்கள் முன் பொலிசார் செயலற்று நின்றனர். வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளரோ தமக்கென ஒரு சபையையே தேர்ந்தெடுத்தனர்.

மறுமாதமே பெரேராவும் தோழர் சிலரும் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டனர். கட்சியின் அச்சகம் முத்திரையிடப்பட்டது. யுத்தத்திற்கென்று பெற்ற அதிகாரம், கூலியுயர்வு கேட்டவன் மீது பாய்ந்தது. முதலில் மேடை, பின்னர் ஆள், அதன்பின் அச்சகம்: அடக்குமுறை ஏறிய படிகள் இவையே.

வெள்ளையர் போயினர், பழக்கம் போகவில்லை. 1974 இல் 'தினபதி', 'சிந்தாமணி' ஏடுகளை வெளியிட்ட நிறுவனம் அவசரகால விதிகளின் கீழ் மூடப்பட்டது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது.

பொய்யை நாமும் வெறுக்கின்றோம். ஆயினும் இரு தரப்பையும் கேட்டறிந்து தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் பணியன்றோ? ஒழுகும் லயத்தின் கூரையை உலகறியச் செய்யத் தொழிலாளிக்குக் கைத்தொலைபேசியே பத்திரிகை. அதற்கும் அஞ்ச வைத்தால் அவனுக்கு நாவேது?

ஆகவே அஞ்சாதீர்கள். நம்மைக் கண்காணிப்போரிடம் நாமும் கணக்குக் கேட்போம். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கொரு வாயில் திறந்தது. தடை எவர் உத்தரவு, எந்தச் சட்டத்தின்படி என்று எழுத்திலே கேளுங்கள்! கேட்பவன் குடிமகன், கேளாதிருப்பவன் வெறும் குடியிருப்பாளன்.