காலில் சக்கரம் கட்டிய கோச்



கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். இந்த ஆட்டத்தை யாருக்கும் சொல்லித்தர முடியாது, ஆட மட்டும்தான் முடியும் என்று அவர் தம் மாணவர் ஃபாக் ஆலனிடம் சொன்னதாக அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. ஆலன் கேட்டாரா? இல்லை. நெய்ஸ்மித் இருந்த கான்சஸ் பல்கலைக்கழகத்திலேயே பயிற்சியாளராகி, கூடைப்பந்துப் பயிற்சியின் தந்தை என்று பெயரெடுத்தார். ஆலனிடம் ஆடியவர் டீன் ஸ்மித். அவர் வட கரோலினாவுக்குப் போய் அங்கே ஒரு சாம்ராஜ்யம் கட்டினார். அந்த டீன் ஸ்மித்திடம் பாடம் படித்தவர்தான் லாரி பிரவுன்.

இந்தப் பரம்பரையின் ஒரு கிளை நம் ஊருக்கும் வந்திருக்கிறது. 1891இல் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கிய இடம் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி. அங்கே படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. அதன் நந்தனம் மைதானத்தில் ஆடியவர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால், லாரி பிரவுனுக்கு அவர்கள் தூரத்துப் பங்காளிகள்.

பிரவுன் 1940இல் புரூக்ளினில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். கூடைப்பந்தில் அந்த உயரத்துக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் அவர் இருந்தார். சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று நிறப் பந்தோடு 1967இல் தொடங்கிய ஏ.பி.ஏ. லீகில் முதல் மூன்று ஆண்டுகளும் அதிகமாகப் பந்து பரிமாறிக் கூடை போட வைத்தவர் அவர்தான். அடுத்தவனைப் போட வைப்பதில் சுகம் கண்டவர் கோச் ஆனதில் வியப்பில்லை.

ஆனால் எங்கே கோச் ஆனார் என்று கேட்டால்தான் மூச்சு வாங்கும். 1969இல் டேவிட்சன் கல்லூரி அவரை நியமித்தது. ஓர் ஆட்டம்கூட நடக்குமுன் விலகிவிட்டார். பிறகு கரோலினா, டென்வர், யு.சி.எல்.ஏ., நியூ ஜெர்சி, கான்சஸ், சான் அன்டோனியோ, லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ், இண்டியானா, பிலடெல்பியா, டெட்ராய்ட், நியூயார்க், சார்லட், டல்லஸில் இருக்கும் எஸ்.எம்.யு. பட்டியல் அங்கேயும் நிற்கவில்லை. 77 வயதில் இத்தாலியின் டூரின் நகருக்கும் போய் வந்தார்! நியூ ஜெர்சியை விட்டுக் கிளம்பியபோது அந்த அணி 47 வெற்றி, 29 தோல்வி என்று நல்ல நிலையில் இருந்தது. சீசன் முடிய ஆறே ஆட்டங்கள். கான்சஸோடு பேச்சுவார்த்தை நடப்பது முதலாளிக்குத் தெரிந்ததும், இப்போதே நடையைக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இவர் நிலையில்லாத மனிதர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். பத்திரிகைகள் பல முறை அப்படித்தான் முடித்தன. ஆனால் போன இடமெல்லாம் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.யில் எட்டு வெவ்வேறு அணிகளை ப்ளே ஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோன பயிற்சியாளர் அவர் ஒருவர்தான். பழுதான அணியைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். அது ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் கண் வேறு ஊர்ப்பக்கம் போய்விடும். அவருடைய திறமையும் அந்தப் பரபரப்பும் ஒரே வேரில் முளைத்தவை என்றே தோன்றுகிறது.

கான்சஸில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டேனி மேனிங் என்ற அபூர்வமான உயரப் பையன் அங்கே படிக்க வந்தான். அவன் தந்தை எட் மேனிங் முன்பு பிரவுனிடம் ஆடியவர், பிறகு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பிரவுன் தந்தையை உதவிப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டார். மகனும் வந்து சேர்ந்தான். ஊர் வாயை மூட முடியுமா? 1987–88 சீசனில் அணி தள்ளாடியது. முக்கிய வீரர் ஒருவர் முழங்கால் அடிபட்டு வெளியேறினார். 12 வெற்றிக்கு 8 தோல்வி என்று கணக்கு மோசமானது. தேசியப் போட்டிக்குள் நுழைந்ததே பெரிது என்றார்கள். அந்த அணி இறுதி ஆட்டம் வரை போனது. எதிரில் ஓக்லஹோமா, அந்த சீசனில் ஏற்கெனவே இரண்டு முறை கான்சஸை வென்ற அணி. மூச்சுவிட நேரம் தராமல் ஓடவிடுவதுதான் அவர்கள் ஆட்டம்.

முதல் பாதியில் கான்சஸும் அவர்களுக்கு ஈடாக ஓடியது. இடைவேளையில் 50–50. இரண்டாம் பாதியில் பிரவுன் கடிவாளத்தை இழுத்தார். நின்று, பந்தை மெல்லச் சுற்றவிட்டு, நல்ல வாய்ப்பு வந்தால் மட்டும் எறியச் சொன்னார். முடிவு 83–79. மேனிங் 31 புள்ளிகள் எடுத்தார். 18 ரீபவுண்டுகளும் அவர் கையில். பதினொரு தோல்விகளோடு பட்டம் வென்ற அணி அதற்கு முன் கிடையாது.

அடுத்த இரண்டு மாதத்தில் பிரவுன் சான் அன்டோனியோவுக்குப் போய்விட்டார்.

இங்கே கசப்பான பகுதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் போன பிறகு கான்சஸுக்குத் தண்டனை வந்தது. வேறு கல்லூரியிலிருந்து மாற நினைத்த வீரர் ஒருவருக்கு விதியை மீறிப் பண உதவியும் விமான டிக்கெட்டும் கொடுத்தது தெரியவந்தது. நடப்புச் சாம்பியன் அடுத்த ஆண்டுத் தேசியப் போட்டியில் ஆடக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அதற்கு முன் யு.சி.எல்.ஏ.வில் 1980இல் அவர் பெற்ற இரண்டாம் இடமும் விதிமீறலால் ரத்தானது. எஸ்.எம்.யு.விலும் 2015–16இல் அதே கதை. அணிக்குத் தடை, அவருக்கு ஒன்பது ஆட்ட இடைநீக்கம். பல்கலைக்கழகம் மூன்று, தண்டனையும் மூன்று. மற்றவர்கள் செய்தது என்று ஒரு முறை சொல்லலாம். மூன்றாம் முறையும் அதையே சொன்னால் யார் நம்புவார்கள்?

தொழில்முறை ஆட்டத்தில் அவருக்கு வாய்த்த பெரிய சோதனை ஆலன் ஐவர்சன். பிலடெல்பியாவின் செல்லப்பிள்ளை. கோச் சொல்வதற்கு நேர் எதிராக நடப்பதே அவர் வழக்கம். பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை என்ற புகாருக்கு, 2002இல் செய்தியாளர்கள் முன்னால் “பயிற்சியைப் பற்றியா பேசுகிறோம்!” என்று திருப்பித் திருப்பிச் சொன்னாரே, அந்தக் காட்சியை உலகமே சிரித்துப் பார்த்தது. அதற்கு முந்தைய ஆண்டிலோ இருவரும் முட்டி மோதிக்கொண்டே அணியை இறுதிக்குக் கொண்டுபோனார்கள். இறுதியில் எதிரணியான லேக்கர்ஸ் அந்த ப்ளே ஆஃபில் தோற்றது ஒரே ஓர் ஆட்டம். அதில் ஐவர்சன் 48 புள்ளிகள் அடித்தார். பல ஆண்டு கழித்து ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் ஐவர்சன் பிரவுனுக்கு நன்றி சொன்னார்.

2004இல் டெட்ராய்ட். மறுபடியும் எதிரே அதே லேக்கர்ஸ். ஷகீல் ஓ’நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன். நால்வரும் நட்சத்திரங்கள். டெட்ராய்டில் யார்? புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் சீந்தாத பென் வாலஸ். பல அணிகள் கைமாற்றிவிட்ட சான்ஸி பில்லப்ஸ். நடுவர்களோடு சண்டைக்குப் பேர்போன ரஷீத் வாலஸ். இவர்களை வைத்துக்கொண்டு பிரவுன் தடுப்பாட்டத்தைச் சுவராக எழுப்பினார். மூன்றாம் ஆட்டத்தில் லேக்கர்ஸ் எடுத்தது மொத்தம் 68. தொடர் 4–1. கல்லூரிப் பட்டமும் என்.பி.ஏ. பட்டமும் இரண்டும் வென்ற ஒரே பயிற்சியாளர் என்ற பெயர் 63 வயதில் அவருக்கு வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டிலேயே ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவர் வழிநடத்திய அமெரிக்க அணி போர்ட்டோ ரீகோவிடம் 92–73 என்று அடிவாங்கி, கடைசியில் வெண்கலத்தோடு திரும்பியது. லெப்ரான் ஜேம்ஸ் அந்த அணியில்தான் இருந்தார், பெரும்பாலும் பெஞ்சில். இளையவர்களை நம்ப மறுப்பது பிரவுனின் பழைய பலவீனம். பிறகு நியூயார்க்கில் 23 வெற்றிக்கு 59 தோல்வி, ஒரே சீசனில் வேலையும் போயிற்று.

நியூயார்க்குக்குப் போகுமுன், 2005 என்.பி.ஏ. இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம் வரை போராடி டெட்ராய்டைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? எதிரணியின் கோச் கிரெக் போபோவிச். சிறிய கல்லூரி ஒன்றில் வேலை பார்த்தவர், விடுப்பெடுத்துக்கொண்டு 1986–87இல் கான்சஸுக்கு வந்து பிரவுன் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றவர். ஜான் காலிபாரி, பில் செல்ஃப் என்று பின்னாளில் கல்லூரிப் பட்டம் வென்ற பயிற்சியாளர்களும் அதே கான்சஸ் பெஞ்சில் உதவியாளர்களாக இருந்தவர்கள்தாம்.

80 வயதில், 2021இல், பிரவுன் மெம்பிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார், உதவிப் பயிற்சியாளராக. தலைமைப் பயிற்சியாளர் பென்னி ஹார்டவே, அவரைவிட முப்பது வயது இளையவர். 1995இல் பிரவுனின் இண்டியானாவை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்திய ஆர்லாண்டோ அணிக்காரர். அந்த சீசனில் மெம்பிஸ், 2014க்குப் பிறகு முதல் முறையாகத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது.