முதல் இரண்டு வாரம்

(உலக நோயாளர் நாளையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை)



நாளை பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாள். புனித இரண்டாம் ஜான் பால் ஏற்படுத்தியபடி 1993-ஆம் ஆண்டு முதல் திருஅவை இதை உலக நோயாளர் நாளாகவும் கடைப்பிடிக்கிறது. நாளை பல பங்குகளில் நோயில் பூசுதல் கொடுப்போம். சர்க்கரை நோய்க்காரர் வருவார், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் வருவார், முழங்கால் வலியோடு பாட்டிகள் வருவார்கள். ஆனால் நோய் இருந்தும் அந்த வரிசைக்கு வராமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எல்லாப் பங்கிலும் உண்டு. அவரை மனத்தில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நவநாள் முடிந்து சக்ரீஸ்தில் இருந்தேன். ஒரு சகோதரி வந்து நின்றார். அவரைப் பற்றிச் சொல்ல அவரிடமே அனுமதி வாங்கியிருக்கிறேன். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

"தோத்திரம் சாமி."

"ஆசீர்வாதம்மா. என்ன விஷயம்?"

கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். பத்தில் நான்கு காலியாக இருந்தது. "நாலு நாள் போட்டேன் சாமி. வயித்தப் பொரட்டுது. சோத்தப் பார்த்தாலே குமட்டுது. ஏற்கெனவே தூக்கம் இல்ல, இப்போ நெஞ்சு வேற படபடன்னு அடிக்குது. மாமியார், 'இது பைத்தியத்துக்குக் குடுக்கிற மாத்திரை'ன்னு சொல்றாங்க. விட்டுடலாமா சாமி? உங்ககிட்ட மந்திரிச்சுட்டு, ஜெபத்துலயே பார்த்துக்கிறேன்."

ஆறு மாதமாக அவருக்கு எதிலும் பிடிப்பில்லை. காலை நான்கு மணிக்கே விழிப்பு. பிள்ளைக்குத் தலை வாரிவிடும்போது காரணமில்லாமல் அழுகை. அண்ணன் வற்புறுத்தி மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்கிறார். மருத்துவர் 'மனச்சோர்வு' என்று சொல்லி இந்த மாத்திரையை எழுதிக்கொடுத்திருக்கிறார். அட்டையில் இருந்த பெயர் எஸ்சிட்டலோபிராம். அது எனக்குப் பழக்கமான பெயர்.

நேயர்களே, பழக்கமானது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் 14 மாதம் இதே வகை மாத்திரை சாப்பிட்டவன். அப்போது என் ஆயருக்கும் ஒரே ஒரு நண்பர் குருவுக்கும் மட்டும் தெரியும். முதல் வாரம் திருப்பலியில் வாசகம் வாசிக்கும்போது எனக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும். சாமியார் இரவெல்லாம் டி.வி. பார்க்கிறார் என்று பங்கில் பேச்சு. கிண்ணத்தை உயர்த்தும்போது விரல் நடுங்கும். நாக்கு வறண்டு, தொடக்கவுரை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கொட்டாவியும் நடுக்கமும் வறட்சியும் அந்த மருந்தின் பக்க விளைவுகள் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும். மருத்துவர் சொல்லியிருக்கலாம். அன்று நான் இருந்த நிலையில் எதுவும் காதில் ஏறவில்லை. அதனால்தான் ஒரு கோரிக்கை: முதல்முறை மருத்துவரிடம் போகும்போது கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அவருடைய காதாவது கேட்கட்டும்.

இன்றைய சிந்தனைக்கு 1 அரசர்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்திருக்கிறேன். கார்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட எலியா, ஈசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். பெயேர்செபாவில் பணியாளை விட்டுவிட்டு, தனியாகப் பாலைநிலத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். பிறகு படுத்துத் தூங்கிவிடுகிறார். இறைவாக்கினர்தான், செபிக்கத் தெரியாதவர் அல்லர். விசுவாசக் குறைவு என்று அவரைச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. ஆண்டவர் அனுப்பிய தூதர் அவருக்கு மறையுரை ஆற்றவில்லை என்பதை நாங்கள் குருக்கள் கவனிக்க வேண்டும். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றார்.

நாம் வேகமாகத் தாண்டிவிடும் இடம் அடுத்து வருகிறது. எலியா சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். அப்பம் தேவதூதர் கொண்டுவந்ததுதான், ஆனாலும் முதல் தடவை அவர் எழுந்து நடக்கவில்லை. தூதர் இரண்டாம் முறை வந்து தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. அதன்பிறகுதான் ஓரேபு மலைவரை நாற்பது நாள் நடக்கும் வலிமை வந்தது.

மனச்சோர்வு மாத்திரையின் கதையும் இதுதான். தலைவலி மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்தில் தெரியும். இது அப்படியல்ல. மனம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். ஆனால் பக்க விளைவு முதல் நாளே வந்துவிடும். நன்மை பின்னால் வரும், தொல்லை முன்னால் வரும். இந்த இடைவெளியில்தான் ஆட்கள் மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள். அந்தச் சகோதரி நின்றதும் அந்த இடைவெளியில்தான், நான்காம் நாளில்.

வயிறு ஏன் புரட்டுகிறது? ஃபுளுவாக்சிடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள் செரட்டோனின் என்ற பொருளின்மேல் வேலை செய்கின்றன. நம் உடலில் உள்ள செரட்டோனினில் பெரும்பகுதி இருப்பது மூளையில் அல்ல, குடலில். ஆகவே மனத்துக்குப் போட்ட மாத்திரையைக் குடல் முதலில் உணர்ந்துவிடுகிறது. குமட்டல், இளகிய மலம், தலைவலி, வியர்வை, படபடப்பு எல்லாம் இந்த வகையில் வருபவை. பலருக்கு ஓரிரு வாரத்தில் தானாக அடங்கிவிடும். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். தூக்கத்தைக் கெடுத்தால் காலையில் போடலாமா என்றும், தூங்கி வழிய வைத்தால் இரவுக்கு மாற்றலாமா என்றும் மருத்துவரைக் கேளுங்கள். தூக்கக் கலக்கம் இருக்கும் நாட்களில் பைக் ஓட்ட வேண்டாம். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம்.

இங்கே நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. காலையில் நற்கருணை வாங்க வேண்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கிறேன். தண்ணீரும் மருந்தும் நற்கருணை நோன்பை முறிப்பதில்லை. திருஅவைச் சட்டம் 919-ஆம் எண்ணில் அதைத் தெளிவாகச் சொல்கிறது. நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் முன்னதாகச் சாப்பிட்டிருந்தால்கூட நற்கருணை வாங்கலாம். தவக்காலம் வருகிறது, ஒருசந்தி இருப்பீர்கள். நோயாளிகளுக்கு அந்தக் கடமை இல்லை. மனச்சோர்வும் நோய்தான். அந்த நாளில் நீங்கள் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள்.

வாரக் கணக்கில் அடங்காத பக்க விளைவும் உண்டு. சிலருக்குக் கணவன்-மனைவி உறவில் நாட்டம் குறைகிறது, அது மாத்திரை எடுக்கும் காலம் முழுக்க நீடிக்கவும் செய்கிறது. சாமியார் இதை வானொலியில் பேசலாமா என்று நினைப்பீர்கள். பேசாததால் வீட்டில் சந்தேகமும் சண்டையும் வந்து, கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள். காரணம் மாத்திரை என்று தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லலாம். அளவை மாற்றவும் வேறு மருந்து கொடுக்கவும் அவருக்கு வழி உண்டு. எல்லார்க்கும் ஒரே மருந்து ஒத்துக்கொள்வதும் இல்லை. முதல் மருந்து பயன்படாமல் இரண்டாவதில் தேறியவர்கள் நிறைய. எனக்கே அப்படித்தான்.

பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பொறுக்கக் கூடாததைச் சொல்லாமல் விட்டால் அது பாவம். தொடக்க வாரங்களில் சிலருக்கு, குறிப்பாக 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, சாக வேண்டும் என்ற எண்ணம் கூடலாம். ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரலாம். வீட்டில் உள்ளவர்கள் இதைக் கவனித்து, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. நேற்றுவரை சோர்ந்து கிடந்தவர் திடீரென்று தூக்கமே இல்லாமல் துள்ளலாகத் திரிந்து, கையில் இருக்கும் பணத்தையெல்லாம் செலவழித்தால், 'மாத்திரை நன்றாக வேலை செய்கிறது' என்று சந்தோஷப்படாதீர்கள். அது வேறொரு மனநோயின் அடையாளமாக இருக்கலாம். வயதானவர்களுக்கு உடலில் உப்புச் சத்து குறைந்து குழப்பமும் தள்ளாட்டமும் வருவதுண்டு. வேறு வலி மாத்திரையோ, ஆஸ்பிரினோ, நாட்டு மருந்தோ எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகள் சேர்ந்தால் இரத்தக் கசிவு வரும், சில சேர்ந்தால் காய்ச்சலும் நடுக்கமும் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். மது வேண்டவே வேண்டாம்.

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். குருவான இரண்டாம் ஆண்டு. ஓர் ஆசிரியர் இதே போல் மாத்திரை எடுத்துவந்தார், தேறியும் இருந்தார். "இன்னும் எத்தனை நாள் சாமி இதையே போட்டுக்கிட்டு இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். "செபமாலை சொல்லுங்க சார், மாத்திரையெல்லாம் எதுக்கு?" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் அன்று இரவே நிறுத்திவிட்டார். தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் அதிர்ச்சி. சில வாரத்தில் பழைய இருளும் திரும்பிவிட்டது. மருத்துவமனையில்தான் அவரை அடுத்து பார்த்தேன். கடவுள் கிருபையால் பிழைத்தார். இன்றும் என்னோடு பேசுகிறார். நானாக இருந்தால் பேசியிருப்பேனா, தெரியாது.

இந்த மாத்திரைகள் சாராயத்தைப் போல் ஏக்கம் பிடிக்க வைப்பவை அல்ல. ஆனால் சட்டென்று நிறுத்தினால் உடல் தடுமாறும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நோய் திரும்பாமல் இருப்பதற்காக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். அதைச் செய்ய வேண்டியவர் மருத்துவர். சாமியார் அல்ல, மாமியார் அல்ல, மருந்துக்கடைத் தம்பியும் அல்ல.

செபம் வேண்டாமா? வேண்டும். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். மருத்துவரைப் படைத்தவரும் மண்ணிலிருந்து மருந்தைத் தோன்றச் செய்தவரும் ஆண்டவரே என்று அங்கே காண்பீர்கள். நோயாளி செபிக்க வேண்டும் என்றும், மருத்துவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. லூர்து நகரிலேயே 1883 முதல் மருத்துவர்களின் அலுவலகம் ஒன்று இருக்கிறது; அங்கே கிடைத்ததாகச் சொல்லப்படும் குணங்களை முதலில் அவர்கள்தான் ஆராய்வார்கள். அன்னையின் வாசலிலேயே மருத்துவருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

துக்கம் எல்லாம் நோய் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவனை இழந்தவள் அழுவதற்கு மாத்திரை தேவையில்லை, அழ இடம் கொடுத்தால் போதும். லேசான சோர்வுக்குப் பேச்சு வழி ஆலோசனையே முதல் சிகிச்சையாக இருக்கலாம். எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் மருத்துவர். நம் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் அங்கே இலவசம். இரவில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை, தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

அந்தச் சகோதரிக்கு வருவோம். மந்திரித்தேன், தலையில் கைவைத்துச் செபித்தேன். பிறகு என் கொட்டாவிக் கதையைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். சக்ரீஸ்தில் இருந்தபடியே அவருடைய அண்ணனுக்குப் போன் போட்டு, மருத்துவரைக் கேட்கச் சொன்னோம். மருத்துவர் சில நாட்களுக்கு அளவைப் பாதியாக்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொன்னார். படபடப்பு கூடினால் உடனே வரவும் சொன்னார். அந்த வாரம் பங்கின் பெண்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் முறைவைத்து மதியச் சோறு கொண்டுபோனார்கள். மாமியாரிடம் நான் தனியாகப் போய்ப் பேசினேன். "இரத்தக் கொதிப்புக்கு நீங்க தினமும் போடுறீங்களே பாட்டி, அதுமாதிரி" என்றேன். பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வாரம் குமட்டல் போய்விட்டது. ஐந்தாம் வாரம் ஒரு நாள் காலை ஆறு மணிவரை தூங்கினாராம், பிள்ளைதான் எழுப்பியது. நாக்கு வறட்சி மட்டும் இன்னும் இருக்கிறது, பூசைக்குத் தண்ணீர் பாட்டிலோடு வருகிறார். மாத்திரை அட்டை இப்போது கைப்பையில் இல்லை, சமையலறை அலமாரியில் மாமியாரின் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் இரண்டையும் எடுத்து வருவது அந்தப் பாட்டிதான்.