உன் சக்தி எங்கிருந்து வருகிறது?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், தவறாக நினைக்க மாட்டேன். கடைசியில் மட்டும் எழுப்பிவிடுவேன், ஒரு வேலை இருக்கிறது.

நான் புழலில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் “உன் சக்தி எங்கிருந்து வருகிறது?” என்று எழுதினேன். முதல் பெஞ்சு மாணவி சட்டென்று எழுந்து, “அத்திப்பட்டுல இருந்து மிஸ்” என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் பதிலில் தவறில்லை. எண்ணூரில் கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி, அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையத்தில் எரிவதை அறிந்த பிள்ளை அவள். “எரிச்சா சாம்பல் வரும் மிஸ்” என்று ஒரு வரி கூடுதலாகவும் சொன்னாள். அந்தச் சாம்பலைப் பிறகு பயன்படுத்திக்கொண்டேன்.

நான் கேட்டது ஒரு விளையாட்டுக்காக. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் சொல்லிக்கொடுத்தது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று பெயர். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்டார்கள். கணினி வேண்டாம், கைபேசி வேண்டாம். ஒருவர் கதை நடத்துவார். மற்ற நான்கைந்து பேரும் ஆளுக்கொரு பாத்திரம். “முன்னால் ஆறு ஓடுகிறது, பாலம் இல்லை, என்ன செய்வீர்கள்?” என்று அவர் கேட்பார். பாத்திரங்கள் யோசித்துச் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். அதற்கு எங்கே போவது? சாக்பீஸ் டப்பாவில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம்.

இந்த விளையாட்டில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்றுதான். பலசாலி, மந்திரவாதி என்று சும்மா சொல்லிவிட முடியாது. அந்தச் சக்தி எப்படிக் கிடைத்தது என்பதற்கு விதி இருக்கிறது. முதல் பதிப்பில் மூன்றே வகுப்புகள். போர்வீரருக்குப் பயிற்சியாலும் ஆயுதத்தாலும் வருகிறது. பூசகருக்குத் தெய்வம் தருகிறது. மந்திரவாதி நூலைப் படித்து மனப்பாடம் செய்கிறார். ஒரு மந்திரத்தை ஒருமுறை சொன்னதும் மறந்துவிடும், மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டும். (காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் நம் வகுப்பில் நடப்பதுதான்.) 2000இல் வந்த பதிப்பில் இன்னொரு மந்திரவாதி சேர்ந்தார். அவருக்கு நூலே வேண்டாம், சக்தி பிறப்பிலேயே இருக்கிறது. தன்னைவிடப் பெரிய ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுச் சக்தி வாங்குபவர், காட்டிலிருந்தும் விலங்குகளிலிருந்தும் பெறுபவர் என்று வேறு பலரும் உண்டு. 2008 பதிப்பு ஒவ்வொரு வகுப்புக்கும் சக்தியின் மூலம் எது என்று தலைப்பிலேயே அச்சிட்டுவிட்டது.

இதையெல்லாம் அப்படியே சொன்னால் பிள்ளைகளுக்கு ஒட்டாது. கர்ணனைக் கொண்டுவந்தேன். கர்ண மோட்சம் கூத்தைத் தாத்தாவின் ஊரில் விடிய விடியப் பார்த்தவர்கள் வகுப்பில் இருவர் இருந்தார்கள், மற்றவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். கர்ணனின் சக்திகளைப் பட்டியல் போடச் சொன்னேன். கவச குண்டலம் பிறப்பிலேயே வந்தது. பிரம்மாஸ்திரம் பரசுராமரிடம் படித்தது, ஆனால் பொய் சொல்லிப் படித்ததால் வேண்டிய நேரத்தில் மறந்துபோகும் என்று சாபம். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒரே ஒருமுறைதான் பயன்படும். அர்ச்சுனனுக்கென்று வைத்திருந்ததைக் கடோத்கசன் மேல் விட வேண்டியதாயிற்று. ஒரே ஆளிடம் மூன்று மூலங்கள், மூன்றுக்கும் ஒவ்வொரு விலை. சாம்பல் சொன்ன மாணவியைப் பார்த்தேன். அவளே எழுந்து, “எல்லாத்துலயும் சாம்பல் வருது மிஸ்” என்றாள். அன்றிலிருந்து எங்கள் பாத்திரத் தாளில் சக்தி என்று ஒரு கட்டம், மூலம் என்று ஒரு கட்டம், சாம்பல் என்று ஒரு கட்டம்.

பிறகு ஆளுக்கொரு மூலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் ‘பிறப்பு’ என்று எழுதினார்கள். எனக்குத் திக்கென்றது. ஏன் என்று கேட்டால், “பயிற்சின்னா லேட்டாகும் மிஸ்” என்றார்கள் சிலர். வாடகை வீடு மாறி மாறி எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு பையன், “பொறப்புல இருந்தா யாரும் புடுங்க முடியாது மிஸ்” என்றான். நான் பதில் தேடுவதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: “கர்ணன்கிட்ட புடுங்கிட்டாங்களே.” அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தாளை வாங்கி, அழித்து, ‘நூல்’ என்று எழுதினான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு தாயார் அரிசி ஆலை வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து நின்றார். “பசங்களுக்கு மந்திரம் தந்திரம் சொல்லித் தர்றீங்களாமே?” 1980களில் அமெரிக்கப் பெற்றோரும் இந்த விளையாட்டைக் கண்டு இப்படித்தான் பயந்தார்கள். நான் விளக்கம் சொல்லவில்லை, கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தேன். பாடவேளை முடிந்ததும், “இவன் வீட்ல இவ்ளோ பேச மாட்டான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் வந்ததும் நல்லதுதான். எல்லா மதப் பிள்ளைகளும் உட்காரும் வகுப்பு அது. விளையாட்டில் வரும் தெய்வங்களுக்கு அன்றுமுதல் பிள்ளைகளே புதுப்பெயர் வைக்கிறார்கள், யாருடைய சாமியும் உள்ளே வராது.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். ஒரு மாணவன், பெயர் வேண்டாம். எதைக் கேட்டாலும் “எனக்கு வராது மிஸ்” என்பான். அலகுத் தேர்வில் நெம்புகோல் கேள்விக்கு இடத்தை அப்படியே காலியாக விட்டிருந்தான். அவன் பெயருக்கு எதிரே என் குறிப்பேட்டில், ‘இயல்பிலேயே மந்தம்’ என்று நானே எழுதியிருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் பிறப்பு என்று எழுதியதற்குத் திக்கென்றவள் எழுதியது அது.

விளையாட்டில் அவன் போர்வீரன். மூலம் என்ற கட்டத்தில், ‘டயர்’ என்று எழுதியிருந்தான். கேலி செய்கிறான் என்று நினைத்து விட்டுவிட்டேன். குழு ஒரு குகைக்குப் போனது, வாசலைப் பாறை அடைத்திருந்தது. மந்திரவாதியின் மந்திரம் தீர்ந்துவிட்டது. பூசகருக்குச் சீட்டில் 2 விழுந்தது. இவன் எழுந்து, “கடப்பாரையை அடியில வுடு. கிட்டக்கவே ஒரு கல்லை முட்டுக் குடு. கடப்பாரையோட அந்தக் கோடியைப் புடிச்சு அமுக்கு, தூக்கிடும்” என்றான். எவ்வளவு கிட்டத்தில் என்று கேட்டேன். அளவுகோலையும் டஸ்டரையும் எடுத்து மேசையில் செய்து காட்டினான். முட்டு பாறைப் பக்கம் நெருங்கினால் பாரம் குறைவதையும், ஆனால் பாறை கொஞ்சம்தான் எழும்பும் என்பதையும் அவனே சொன்னான். பாடப்புத்தகத்தில் இருப்பதும் அதுதானே! ஜி.என்.டி. சாலையோரம் அப்பாவின் பஞ்சர் கடையில் சாயங்காலங்களில் நிற்கிறான். லாரிச் சக்கரத்தை நெம்பிக் கழற்றும் வேலை. ஒரு வருடம் அவனுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

அவன் இப்போது முதல் மதிப்பெண் வாங்குகிறான் என்று சொல்ல ஆசைதான், அப்படி நடக்கவில்லை. அடுத்த தேர்வில் நெம்புகோல் படத்தை வரைந்திருந்தான், விளக்கம் எழுதவில்லை. வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் கொடுத்தேன். என் குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, ‘டயர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நடைமுறைக்கு இரண்டு விஷயம். சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதை நடத்துபவராக நீங்கள் முதல் இரண்டு முறை இருந்தால் போதும், பிறகு ஒரு பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். நம்மைவிட நன்றாக நடத்துகிறார்கள்.

என் பையில் ஆறு சாக்பீஸ் டப்பாக்களில் சீட்டு போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். ஐவர் ஐவராக உட்காருங்கள். ஐயா, உங்கள் பக்கத்தில் தூங்குபவரைக் கொஞ்சம் எழுப்பிவிடுங்கள். தாளில் முதல் கட்டத்தில் பெயர், இரண்டாவதில் சக்தி. மூன்றாவது கட்டத்தை எழுதும்போது பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்க்காதீர்கள்.